அப்பாவும் கிளீனர் சீட்டும்

1

இந்த வாரத்தோடு அந்த வண்டி எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வருஷம். வண்டிக்கு வயது இருபத்துமூன்று, எனக்கு ஐம்பத்தொன்று. காலையில் கிளம்பும்போது இரண்டு பேருக்கும் மூட்டு கொஞ்சம் சத்தம் போடும். மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை.

நான் பந்தல்குடிக்காரி. இருபது வருஷமாக இருப்பது வேல்ஸில். ஊரில் எல்லோரும் "எஸ்தரு லண்டன்ல இருக்கா" என்றுதான் சொல்கிறார்கள். லண்டன் இங்கிருந்து நாலு மணி நேரம். ஒருமுறை இங்கே வார்டில் வாய் தவறி "உங்கள் இங்கிலாந்து" என்று சொல்லிவிட்டேன், ஒரு நோயாளி அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. அருப்புக்கோட்டைக்காரரை "நீங்க மதுரையா?" என்று கேட்டால் முகம் ஒரு மாதிரி போகுமே, அதே கதைதான்.

வேலை ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீட்டுக்காரர் ஞானராஜ் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறார். ஒரே மகள் ஷாரன். அவள் சிறுபிள்ளையாக இருந்தபோது, அவள் சிநேகிதிகள், சர்ச் ஆட்கள், ஊரிலிருந்து வருகிறவர்கள் எல்லோரையும் ஏற்ற வேண்டுமே என்று ஏழு பேர் உட்காரும் வண்டி வாங்கினோம். அவள் வெளியூருக்குப் படிக்கப் போனாள். முதலில் தினம் பேசினாள், அப்புறம் ஞாயிற்றுக்கிழமை மட்டும், இப்போது நான் இரண்டு வரி எழுதினால் ஒரு கட்டைவிரல் படம் வருகிறது. ஏழு சீட்டு வண்டியில் நாங்கள் இரண்டு பேர் கடைக்குப் போய் வந்துகொண்டிருந்தோம். பின்னால் ஐந்து சீட்டும் காலியாக வருவதைக் கண்ணாடியில் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக வரும்.

அந்த நாளில்தான் இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டு வாசலில் இதைப் பார்த்தேன். ஜப்பான்காரன் செய்த ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு. மேல்கூரை துணி, வேண்டுமென்றால் மடக்கிப் பின்னால் போட்டுவிடலாம். நல்ல வத்தல் சிவப்பு, அங்கங்கே வெயிலில் வெளுத்த வத்தல். கண்ணாடியில் 'விற்பனைக்கு' என்று ஒரு அட்டை. நான் வேலைக்குப் போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை என்று நாலு நாள் அதைச் சுற்றி வந்தேன். பெண் பார்க்க வந்தவன் கூட அத்தனை தடவை பார்த்திருக்க மாட்டான்.

விற்றவர் ஓய்வு பெற்ற வாத்தியார். இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு அவரால் அத்தனை தாழ்வான வண்டியில் ஏறி இறங்க முடியவில்லை. "ஸ்டெப்னி இருக்கா?" என்று கேட்டேன். நம்மூரில் மாற்று டயருக்கு வேறு பேரே கிடையாது, எனக்கு அது இங்கிலீஷ் என்றுதான் நினைப்பு. அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அது இதே வேல்ஸில், அவர் பிறந்த ஊரில் உள்ள ஒரு தெருவின் பேராம். மாற்றுச் சக்கரத்தை முதன்முதலில் அங்கேதான் செய்தார்களாம். இங்கே அந்தப் பேரை எல்லோரும் மறந்தாயிற்று, பந்தல்குடி பஞ்சர் கடையில்தான் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்தச் சிரிப்பிலேயே வியாபாரம் முடிந்தது. சாவியைக் கொடுக்கும்போது அவர், "மழைக்குப் பயந்து உள்ளேயே வைத்துவிடாதே, ஓட்டு" என்று மட்டும் சொன்னார்.

2

இன்சூரன்ஸ் படிவத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். வண்டி எதற்கு என்று கேட்டு, சில பதில்கள் கொடுத்திருந்தார்கள். அதில் ஒன்று, சொந்த வேலைக்கும் சந்தோஷத்துக்கும். நான் கண்ணாடியைப் போட்டு மறுபடி படித்தேன். சந்தோஷத்துக்கு! சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பாஸ்போர்ட், விசா என்று திருச்சுழி தாலுகா ஆபீசிலிருந்து இந்த ஊர் வரை நான் நிரப்பாத படிவம் இல்லை. ஒன்றில்கூட சந்தோஷத்துக்கு ஒரு கட்டம் இருந்ததில்லை. அதில் டிக் அடித்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

ஊருக்குப் போன் போட்டுச் சொன்னேன். அம்மா முதலில் கேட்டது, "பழைய வண்டியா? ஏன்டி, மாப்பிள்ளைக்கு வேல போயிருச்சா?"

"இல்லம்மா, ஆசைக்கு வாங்குனேன்."

"மேல டாப்பும் இல்லங்கிற. அவ்வளவு கஷ்டத்த ஏன்டி எங்ககிட்ட மறைக்கிற?"

தம்பி செல்வம் போனை வாங்கி, "ரெண்டு பேரு உக்காந்தா மீதிப் பேரு ஓடியா வருவாக?" என்றான். அப்பா போனுக்கே வரவில்லை.

அவர்கள் என்ன சொன்னாலும் சரி, அந்த வண்டி வண்டிதான். கியர் குச்சி ஒரு சாண் உயரம், மணிக்கட்டை அசைத்தால் போதும், டக்கென்று விழும். சாலையிலிருந்து ஒரு முழ உயரத்தில் உட்கார்ந்திருப்பதால் முப்பது மைல் வேகமே அறுபது மாதிரி இருக்கும். பன்னிரண்டு மணி நேரம் வார்டில் நின்ற காலோடு வந்து, துணிக்கூரையை மடக்கிவிட்டு, கடற்கரைச் சாலையில் வளைவுக்கு வளைவு இரண்டு, மூன்று, இரண்டு என்று மாற்றிக்கொண்டு போவேன். மூன்றாவது கியரில் அது பாடும் பாட்டு இருக்கிறதே, அடேயப்பா! பெரிய எஞ்சின் இல்லை, பெரிய வேகமும் இல்லை. ஆனால் நான் என்ன செய்கிறேனோ அதற்கு உடனே பதில் சொல்லும். வீட்டில் அப்படிப் பதில் சொல்ல எனக்கு ஆள் இல்லை. ஞானராஜிடம் ஒரு கேள்வி கேட்டால் மறுநாள் பதில் வரும்.

3

என் அப்பா லாரி டிரைவர். நாற்பது வருஷம். அருப்புக்கோட்டையிலிருந்து பருத்தி, வத்தல், மல்லி ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்குப் போவார், திரும்பும்போது உப்பு லோடு. வண்டி முதலாளியுடையது, ஸ்டியரிங் அப்பாவுடையது. ஒருவர் தொட முடியாது. பள்ளி லீவில் சில நாள் என்னை வண்டியில் ஏற்றிக்கொள்வார். நடுவில், எஞ்சின் மூடி மேல் சாக்கை விரித்து உட்காருவேன். வலது பக்கம் அப்பா, இடது பக்கம் கிளீனர். எஞ்சின் சத்தத்தை வைத்தே அப்பா எப்போது கியர் மாற்றப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிடும். அவர் கை போவதற்கு முன்னால் என் கை சாக்கின் மேல் போகும்.

செல்வத்துக்குப் பதினெட்டு வயதானதும் அப்பா அவனுக்கு வண்டி பழக்கினார். பரளச்சிப் பக்கம் ஒரு கண்மாய். வருஷத்தில் பாதி நாள் தண்ணீர் இருக்காது, வெடித்த கரிசல் மண் மேசை மாதிரி கிடக்கும். அந்தப் பக்கத்து ஆட்கள் பாதிப் பேர் வண்டி பழகினது அங்கேதான். ஒரு முதலாளியின் ஜீப்பை இரவல் வாங்கிக்கொண்டு போனார்கள். நானும் போனேன். செல்வம் கிளட்சை விடும்போதெல்லாம் ஜீப் தவளை மாதிரி குதித்தது. "அப்பா, நான் ஒரு தடவ?" என்று கேட்டேன். "பொம்பளப் பிள்ளைக்கு ஸ்டியரிங்கு எதுக்கு? நீ ஓரமா நில்லு தாயி, தூசி விழும்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. செல்வம் இப்போது டவுனில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறான். ஸ்கூட்டர்தான் ஓட்டுகிறான்.

நான் ஓட்டப் பழகியது முப்பத்துநாலு வயதில், இந்த ஊரில், கொட்டும் மழையில். முதல் டெஸ்டில் தோற்றேன். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். ஒவ்வொரு வளைவிலும் ஹார்ன் அடித்தேன். சைக்கிள்காரரைத் தாண்டும்போது அடித்தேன். ஒரு கிழவி நடைபாதையில் சும்மா நின்றாள், அவளுக்கும் ஒன்று அடித்தேன். தூத்துக்குடி ரோட்டில் அது மரியாதை, "நான் வாரேன், பாத்துக்க" என்று சொல்வது. இங்கே அது வசவு. டெஸ்ட் எடுத்தவர் காகிதத்தில் எழுதிக்கொண்டே இருந்தார். இரண்டாவது தடவை வலது கையை ஹார்ன் பக்கமே கொண்டுபோகாமல் பாஸ் செய்தேன். அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "ம்" என்றார். "ரோட்டுல ஆடு மாடு வருமா?" என்று கேட்டார். "வராதுப்பா" என்றேன். "அப்பச் சரி" என்றார்.

4

இந்தக் கோடையில் அம்மாவும் அப்பாவும் மூன்று மாத விசாவில் வந்தார்கள். இதற்கு முன் வந்ததில்லை. அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது, இனி வருவாரா தெரியாது. அதனால் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து நான் ஓட்டுவதைப் பார்க்க வேண்டும். அரண்மனை காட்ட வேண்டும், மலை காட்ட வேண்டும் என்றெல்லாம் ஞானராஜ் திட்டம் போட்டார். எனக்கு அது எதுவும் வேண்டியிருக்கவில்லை.

பெரிய வண்டியில், மாப்பிள்ளை ஓட்டினால் அப்பா நடுவரிசையில் சட்டமாக உட்கார்ந்துகொள்வார். நான் சாவியை எடுத்தால், "எனக்குக் கிறுகிறுங்குது, நீங்க போயிட்டு வாங்க" என்பார். நான் விட்டுப் பிடிக்கலாம் என்று இருந்தேன்.

சிவப்பு வண்டியில் முதலில் ஏறியது அம்மா. ஊரில் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாலே வாந்தி எடுக்கிற அம்மா! சேலையை முழங்காலுக்கு இடையில் சொருகிக்கொண்டு பொத்தென்று உட்கார்ந்தாள். "தரையில பாய விரிச்சு உக்காந்து போற மாதிரில்ல இருக்கு!" என்றாள். கடற்கரைச் சாலையில் நான் மூன்றாவது கியரில் மிதித்ததும் முந்தானை பறந்து பின்னால் நின்றது. பயந்துவிட்டாளோ என்று வேகத்தைக் குறைத்தேன். "ஏன்டி கொறைக்கிற? இன்னும் வெரசாப் போடி!" என்று கத்தினாள். அன்றிலிருந்து தினமும் நான் வேலை முடிந்து வரும் நேரத்துக்குத் தலை வாரிக்கொண்டு வாசலில் நிற்பாள்.

திரும்பி வந்ததும் அப்பா அவளிடம் விசாரணை வைப்பார். "அந்த ஏத்தத்துல எந்தக் கியர்ல ஏத்துனா?"

"அதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? நீங்க போய்ப் பாக்க வேண்டியதுதான?"

ஒருநாள் நானே கூப்பிட்டேன். "வாங்கப்பா, ஒரு ரவுண்டு."

அவர் வண்டியைச் சுற்றி வந்தார். நாலு டயரையும் காலால் தட்டிப் பார்த்தார். இடது பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே குனிந்து பார்த்துவிட்டு, "இது கிளீனர் சீட்டுல்ல?" என்றார்.

லாரிக்காரர் வீட்டில் பிறக்காதவர்களுக்கு இது புரியாது. இடது சீட்டு என்பது வெறும் இடம் இல்லை. அங்கே உட்காருகிறவன்தான் கண்ணாடி துடைப்பான், ஏற்றத்தில் டயருக்குக் கல் வைப்பான், வண்டி ரிவர்ஸ் எடுத்தால் இறங்கி ஓடி வழி சொல்வான், டிரைவர் டீ குடித்த பிறகுதான் குடிப்பான். அப்பா பதினாலு வயதில் அந்தச் சீட்டில் ஏறி, ஏழு வருஷம் அடியும் வசவும் வாங்கி, வலது பக்கம் வந்தவர். வந்தபின் லாரியில் ஒருநாளும் இடது பக்கம் உட்கார்ந்ததில்லை. இரண்டே சீட்டு உள்ள வண்டியில் நான் வலது பக்கம் உட்கார்ந்தால் அவருக்கு என்ன மிச்சம் இருக்கிறது? ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. மகளுக்குப் பக்கத்தில் உட்காருவது அவ்வளவு கேவலமா? கதவை ஓங்கிச் சாத்தினேன். பழைய வண்டி, பாவம், அது என்ன செய்யும்.

5

அவர்கள் கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது வண்டிக்கு வருஷ சோதனை வந்தது. நம்மூரில் லாரிக்கு எஃப்.சி. எடுப்பது மாதிரி. பிரேக், விளக்கு, புகை, அடித்தகடு எல்லாம் பார்த்து, சரி என்றால்தான் ரோட்டில் ஓடலாம். இந்த வண்டிகளுக்கு அடியில் துரு பிடிக்கும் குணம் உண்டு. துரு அதிகம் என்றால் பழைய இரும்புக்குத்தான் போக வேண்டும்.

சோதனைக்கு முதல் நாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தால், வண்டியின் ஒரு பக்கம் ஜாக்கியில் நிற்கிறது. கீழே ஜமுக்காளம். ஜமுக்காளத்துக்கு வெளியே அப்பாவின் இரண்டு கால்கள். கராஜில் கிடந்த கறுப்பு பெயின்ட் டப்பா காலியாகிக் கிடந்தது. கதவுக்குக் கீழே, அடித்தகடு முழுக்கப் பளபளவென்று அடித்து வைத்திருந்தார்.

அவர் மேல் தப்பில்லை. நம்மூரில் லாரியை எஃப்.சி.க்குக் கொண்டுபோவது பெண்ணை அலங்கரித்து மேடையேற்றுவது மாதிரி. கழுவி, பெயின்ட் அடித்து, நம்பரையெல்லாம் புதுசாக எழுதித்தான் கொண்டுபோவார்கள். ஆனால் இங்கே சோதனைக்கு முன்னால் அடியில் புதுப் பெயின்ட் அடித்தால், துருவை மூடி மறைக்கிறான் என்று அர்த்தம். அந்த நேரம் எனக்கு நியாயமெல்லாம் தோன்றவில்லை. வாயில் வந்தது.

"யாருப்பா ஒங்களத் தொடச் சொன்னா? பக்கத்துல உக்கார மாட்டீக, அடியில போய்ப் படுத்துப் பெயிலாக்கி விடுவீகளா?"

அப்பா வெளியே வந்தார். வெள்ளைத் தலைமுடியில் கறுப்புப் பெயின்ட். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். அம்மா என்னை முறைத்தாள்.

மறுநாள் காலையில் நான் கிளம்பும்போது அப்பா வாசலில் நின்றார். தேய்த்த சட்டை, செருப்புக்குப் பதில் ஷூ. "நான்தான அடிச்சேன். கேட்டா நானே சொல்லிக்கிறேன்" என்றார். பழக்கத்தில் நேராக வலது பக்கக் கதவுக்குப் போய்க் கைப்பிடியைத் தொட்டுவிட்டார். ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். பிறகு வண்டியின் முன்னால் சுற்றி நடந்து, இடது பக்கம் வந்து, ஒரு கையைக் கதவில் ஊன்றி மெதுவாக உட்கார்ந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பெல்ட்டைப் போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். போகிற வழியெல்லாம் அவர் வலது கால் ஒவ்வொரு திருப்பத்திலும் தரையை அழுத்தியது.

சோதனை செய்தவர் தடித்த மனிதர், பேச்சு குறைவு. வண்டியை மேலே தூக்கி, விளக்கை அடித்து, கறுப்புப் பெயின்டைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் விளக்கம் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அப்பா முன்னால் போய், தன் நெஞ்சைத் தொட்டு, "மீ. மீ பெயின்ட்" என்றார். அந்த மனிதர் ஒரு சின்னச் சுத்தியலை எடுத்துத் தகட்டை முனையிலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். டங், டங் என்று கேட்டது. அப்பா காதைச் சாய்த்துக் கேட்டார். பின் சக்கரத்துப் பக்கம் ஓரிடத்தில் சத்தம் மந்தமாக வந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விரலை நீட்டினார்கள். சோதனைக்காரர் சுரண்டிப் பார்த்தார். மேல்துருதான், ஓட்டை இல்லை. "அடுத்த வருஷத்துக்குள் இதைக் கவனி" என்று எழுதிக் கொடுத்து பாஸ் போட்டார். போகும்போது அப்பாவின் தோளில் தட்டி, பெயின்ட் வேலை சுத்தமாக இருக்கிறது என்றார். நான் மொழிபெயர்த்தேன். அப்பா தலையை ஆட்டிக்கொண்டார்.

6

திரும்பும்போது தூறல் ஆரம்பித்தது. பெரிய சாலையில் எங்கோ விபத்து, எல்லா வண்டியும் நின்றது. நான் வயல்களுக்கு நடுவே போகும் சந்துப் பாதையில் திருப்பினேன். ஒரு வண்டி போகிற அகலம், இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குக் கல் சுவர், அதன் மேல் முள் செடி. பாதி தூரத்தில் எதிரே டிராக்டர், பின்னால் வைக்கோல் ஏற்றின டிரெய்லர். டிரெய்லர் பின்னால் போக முடியாது, நான்தான் போக வேண்டும். ஒதுங்குகிற இடம் வளைவுக்கு அந்தப் பக்கம், நூறு அடி பின்னால். துணிக்கூரை மூடியிருந்தது. அதன் பின் ஜன்னல் பழைய பிளாஸ்டிக், கண்புரை விழுந்த மாதிரி மங்கல்.

எனக்கு இது புதிது இல்லை. இந்தப் பாதையில் எத்தனையோ தடவை பக்கக் கண்ணாடியை மட்டும் வைத்து எடுத்திருக்கிறேன். ரிவர்ஸ் கியரைப் போட்டேன். இடது பக்கக் கதவு திறந்தது.

"அப்பா, எங்க போறீக? மழை பெய்யுது!"

கதவைச் சுவரில் இடிக்காமல் ஒரு முழம் மட்டும் திறந்து, உடம்பை ஒடுக்கி இறங்கிவிட்டார். எழுபத்தெட்டு வயதுக் கால்கள் வண்டிக்குப் பின்னால் ஓடின. பிறகு அவர் குரல் கேட்டது. நாற்பது வருஷம் வேறு யாரோ அவருக்குச் சொன்ன சொற்கள், அவருடைய தொண்டையிலிருந்து.

"வரட்டும்... வரட்டும்... லெப்ட்டு ஒடிங்க... இன்னும் ஒடிங்க... நேராக்குங்க... வரட்டும்... வரட்டும்..."

இங்கே ஒன்றைக் கவனித்தேன். ஒடி என்று சொல்லவில்லை, ஒடிங்க என்றார். பிறந்ததிலிருந்து என்னை அவர் அப்படிச் சொன்னதில்லை.

வளைவில் ஒரு இடத்தில்கூட நிறுத்தாமல் எடுத்தேன். சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு கை அகலம்கூட இல்லை. ஒதுங்குகிற இடத்தில் பின் சக்கரம் ஏறியதும், "ஹோல்டான்!" என்று கத்தி, பின்பக்கத் தகட்டில் படாரென்று தட்டினார். டிராக்டர்காரர் கையைத் தூக்கிவிட்டுப் போனார். அப்பா வந்து, முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஈர இலையைக் கையால் வழித்துப் போட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்தார். சட்டை முழுக்க நனைந்து, மூச்சு வாங்கியது.

நர்ஸ் வாய் சும்மா இருக்குமா? "எதுக்குப்பா எறங்குனீக? நான் எடுத்திருக்க மாட்டேனா?"

"எடுத்திருப்ப. நான் எறங்காட்டியும் எடுத்திருப்ப. இந்த வளைவுல ஒரே எடுப்புல எடுக்க நம்ம ரோட்டுல எத்தனை பேரு இருக்கான்?"

"அப்பறம் எதுக்கு?"

அவர் சட்டை நுனியால் முகத்தைத் துடைத்தார். "டிரைவர் ரிவர்ஸ் எடுக்கையில பக்கத்துல இருக்கவன் சும்மா உக்காந்திருந்தா, அது டிரைவருக்கு மரியாதையா தாயி?"

நான் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அப்பா சொன்னார்:

"சரி, சரி. கண்ணத் தொடைச்சிட்டு ரோட்டப் பாத்து ஓட்டு. ஒங்கம்மா தலய வாரிக்கிட்டு வாசல்ல நிப்பா."